நஞ்சை மூச்சாக்கும் நுண்ணுயிர்

உயிர் என்றால் மூச்சு, மூச்சு என்றால் காற்று என்று கொள்வது எமக்குப் பழகிப்போன எண்ணம். ஆயினும், காற்றே புகாத சேற்றடியிலும் பாறை இடுக்கிலும் கோடானுகோடி உயிர்கள் வாழ்கின்றன, அவையும் சுவாசிக்கின்றன. அவற்றுட் சில, மனிதன் ஆக்கி நிலத்தில் ஊற்றிவிட்ட நச்சுத் திரவங்களையே தமது சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன என்று கூறினால் வாசகர் நம்பத் தயங்கக்கூடும். அது கற்பனையன்று. கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகூடங்களிற் படிப்படியாக நிறுவப்பட்டு வந்த உண்மை அது. குடிக்கும் நீரோடு தொடர்புடைய உண்மையாதலால், விஞ்ஞானிகள் மட்டும் அறிந்திருந்தாற் போதாது. கிணற்று நீரை நம்பி வாழும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளத் தக்கது.

சுவாசம் என்பது யாது?

உணவிலிருந்து உயிர்கள் சக்தியைப் பெறும் முறையை ஒரு குளத்துக்கு ஒப்பிடலாம். குளத்து நீர் மடைவழியே பாய்ந்தால்தான் கீழேயுள்ள சக்கரம் சுழலும். பாய்வதற்குப் பள்ளம் ஒன்று வேண்டும். பள்ளம் இல்லையேல் நீர் நின்றுவிடும், சக்கரமும் நின்றுவிடும். உணவிலிருந்து பிரியும் இலத்திரன்கள் இந்த நீரைப் போன்றவை. அவை சென்று சேரும் பள்ளமாக எமது உடலில் அமைவது ஒட்சிசன். நாம் காற்றை உள்ளிழுப்பது இந்தப் பள்ளத்தை இடையறாது வைத்திருப்பதற்காகவே.

ஒட்சிசன் இல்லாத இடத்தில் உயிர் வாழ முடியுமா? முடியும் என்பதை லூயி பாஸ்ரர் 1861 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில், ஒட்சிசனுக்குப் பதிலாக வேறு பொருள்களுக்கு இலத்திரன்களை ஒப்படைத்துச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் பல அறியப்பட்டன. சில நைத்திரேற்றைச் சுவாசிக்கின்றன. சில சல்பேற்றைச் சுவாசிக்கின்றன. களப்புச் சேற்றைக் காலாற் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் எழுகின்றதன்றோ? அது சல்பேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் வெளியிடும் வாயு. இத்தகைய சுவாசத்தைக் காற்றின்றிய சுவாசம் என்பர்.

குளோரீனைக் கொண்ட நச்சுச் சேர்வைகளும் அவ்வாறு ஒரு பள்ளமாக அமையக்கூடும் என்பதுதான் பிற்காலத்திற் கண்டறியப்பட்ட புதுமை. அதன் அருமையை உணர, முதலில் அந்த நஞ்சின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தொழிலுக்கு உதவிய நஞ்சு

புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் என்பன அலசன் என்னும் மூலகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுட் குளோரீனைக் காபனோடு பிணைத்தால், எளிதில் தீப்பற்றாத, எண்ணெயையும் கிறீசையும் உடனே கரைக்கின்ற திரவங்கள் சில கிடைக்கின்றன. மைக்கேல் பரடே 1821 ஆம் ஆண்டில் நாற்குளோரோ எதிலீன் என்னும் திரவத்தை முதன்முதலாக ஆக்கினார். இரண்டு காபன் அணுக்கள் நடுவே நிற்க, நான்கு குளோரீன் அணுக்கள் அவற்றைச் சூழ்ந்திருக்கும் சேர்வை அது. இருபதாம் நூற்றாண்டில் அது நீரின்றித் துணி துவைக்கும் உலர்சலவை நிலையங்களிற் பெருவழக்காயிற்று. ஒரு குளோரீன் குறைந்த முக்குளோரோ எதிலீன், இயந்திர உறுப்புகளின் கிறீசைக் கழுவும் தொழிற்சாலைகளிலும் விமானத் தளங்களிலும் பீப்பாய் பீப்பாயாகப் பயன்பட்டது.

பயன்படுத்தியபின் எஞ்சியதை நிலத்தில் ஊற்றுவது அக்காலத்திற் பெருந்தவறாகக் கருதப்படவில்லை. ஆவியாகி மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். ஒரு பகுதி ஆவியாயிற்று. மறு பகுதி மண்ணில் இறங்கிற்று. இத்திரவங்கள் நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானவை. எண்ணெய் போல நீரின் மேல் மிதவாமல், நிலத்தடி நீரையும் ஊடறுத்துக் கீழே சென்று, பாறைப் பிளவுகளில் தங்கின. அங்கிருந்து ஆண்டுக்கணக்காகச் சிறிது சிறிதாக நீரிற் கரைந்துகொண்டேயிருந்தன.

எவ்வளவு கரைந்தால் ஆபத்து? ஐக்கிய அமெரிக்காவின் விதிப்படி, குடிநீரில் இவ்விரண்டு சேர்வைகளுள் ஒவ்வொன்றும் லீற்றருக்கு 5 மைக்கிரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது. மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரே ஒரு கிராம், 2 இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு பீப்பாய் என்ன செய்யும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரு படைமுகாமின் குடிநீர்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள லெஜூன் கடற்படையினர் முகாம் இதற்குத் துயரமான சான்று. 1953 ஆம் ஆண்டு முதல் 1987 ஆம் ஆண்டு வரை அங்கு வாழ்ந்த படையினரும் மனைவியரும் குழந்தைகளும் இச்சேர்வைகள் கலந்த நீரைக் குடித்தனர், அதிற் சமைத்தனர், அதிற் குளித்தனர். அவர்களின் தொகை 10 இலட்சம் வரை இருக்கலாம் என்று மதிக்கப்படுகிறது. 1982 ஆம் ஆண்டு மே மாதத்தில் எடுக்கப்பட்ட ஒரு நீர் மாதிரியில் லீற்றருக்கு 1,400 மைக்கிரோகிராம் முக்குளோரோ எதிலீன் காணப்பட்டது. இன்றைய எல்லையோடு ஒப்பிட்டால் அது 280 மடங்கு. மிக மாசுபட்ட கிணறுகள் 1985 ஆம் ஆண்டளவில் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தில் இழப்பீடு கோருவதற்கு வழிசெய்யும் சட்டம் 2022 ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று.

அந்த நீரில் இருந்த நஞ்சுகளுள் ஒன்று நாம் கவனிக்க வேண்டியது. அதன் பெயர் வைனைல் குளோரைட்டு. முகாமின் நிலத்தடி நீரில் அது காணப்பட்டதற்குக் காரணம், அதனை எவரேனும் அங்கு ஊற்றியமை அன்று. ஊற்றப்பட்ட பழைய நஞ்சு, மண்ணுக்குள்ளேயே அரைகுறையாகச் சிதைந்து, இந்தப் புதிய நஞ்சாக மாறியிருந்தது.

இடையில் நின்ற வேலை

நாற்குளோரோ எதிலீனை நான்கு படிகள் கொண்ட ஏணி ஒன்றின் உச்சி என்று கொள்வோம். ஒரு குளோரீன் அணு நீங்கி அதனிடத்தில் ஓர் ஐதரசன் அணு அமர்ந்தால் முக்குளோரோ எதிலீன். இன்னொன்று நீங்கினால் இருகுளோரோ எதிலீன். மூன்றாவது நீங்கினால் ஒரு குளோரீன் மட்டும் எஞ்சிய வைனைல் குளோரைட்டு. அதுவும் நீங்கினால் எதிலீன். ஏணியின் அடியிலுள்ள எதிலீன் எமக்குப் புதியதன்று. பழங்கள் கனியும்போது தாமே வெளியிடும் வாயு அது. வாழைக்குலையைக் குழியிலிட்டுப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் எமது பழைய முறை பலிப்பதும், அப்புகையில் எதிலீன் இருப்பதனாலேயே. நீங்கிய குளோரீனோ, கறியுப்பில் இருப்பது போன்ற குளோரைட்டாகி நீரோடு கலந்துவிடுகிறது.

உச்சியில் நஞ்சு, அடியில் தீங்கற்ற வாயு. ஆனால் அடிக்கு ஒரு படி மேலே நிற்பது உச்சியிலுள்ளதைவிடக் கொடியது. பீ.வீ.சீ. குழாய்கள் செய்வதற்கு மூலப்பொருளாக வைனைல் குளோரைட்டைக் கையாண்ட தொழிலாளர் சிலருக்கு, ஈரலின் இரத்தக் குழாய்களில் மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய் ஏற்பட்டமை 1974 ஆம் ஆண்டில் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் வெளிப்பட்டது. குடிநீரில் அதற்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் எல்லை லீற்றருக்கு 2 மைக்கிரோகிராம் மட்டுமே. பழைய நஞ்சுக்கு 5. அது சிதைந்து பிறந்த நஞ்சுக்கு 2.

நிலத்தடிச் சேற்றிலுள்ள பற்றீரியாக்கள் நாற்குளோரோ எதிலீனைப் படிப்படியாகக் குறைத்து வைனைல் குளோரைட்டு வரை கொண்டுவருவதை, கலிபோர்னியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பெரி மக்கார்ட்டியும் அவரது மாணவர் திமோதி வோகலும் 1985 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இது ஒருபுறம் மகிழ்ச்சியான செய்தி. மறுபுறம் அச்சந்தரும் செய்தி. நச்சு நீரைத் தூய்மையாக்க நுண்ணுயிர்களை ஏவினால், அவை மூன்று படி இறங்கி நின்றுவிடுமாயின், வேலை தொடங்காமல் இருந்ததைவிடத் தொடங்கியதே கேடாக முடியும். இறுதிப்படியும் இறங்கும் உயிர் ஒன்று உண்டா? இதுவே அக்கால ஆய்வாளர் முன் நின்ற வினா.

கழிவுச் சேற்றிற் கிடைத்த விடை

இவ்வினாவுக்கு அடித்தளம் மிச்சிகன் மாநிலத்திற் பிறந்தது. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரீட்ஜியும் அவரோடு உழைத்தோரும், குளோரீன் கொண்ட பென்சோவேற்றுச் சேர்வையிலிருந்து குளோரீனைக் கழற்றும் பற்றீரியா ஒன்றை 1984 ஆம் ஆண்டில் கழிவுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்தனர். அது தற்செயலாக நிகழும் பக்கவிளைவன்று, அந்தப் பற்றீரியா அதனாற் சக்தி பெற்று வளர்கிறது என்பது 1990 ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று. அதாவது, குளோரீன் சேர்வை அதற்கு உணவன்று, மூச்சு. ரீட்ஜியின் பெயரே அந்தப் பற்றீரியாவுக்கும் சூட்டப்பட்டது.

அடுத்த பெரும்படி நியூ யோர்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கோணெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. டேவிட் பிறீட்மன், ஜேம்ஸ் கொசெற் ஆகிய இருவரும், நுண்ணுயிர்க் கூட்டமொன்று நாற்குளோரோ எதிலீனை எதிலீன் வரையும் கொண்டுசெல்வதை 1989 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அந்தக் கூட்டத்துள் உண்மையில் வேலை செய்பவர் யார் என்பதைக் கண்டறியப் பின்னும் எட்டு ஆண்டுகள் சென்றன. காற்றுப் பட்டால் அழியும், தனியே பிரித்தாற் வளர மறுக்கும் அந்த உயிரை, ஸ்ரீபன் சிண்டரின் ஆய்வுகூடத்தில் சேவியர் மைமோ-கற்றெல் முதலியோர் பிரித்தெடுத்து 1997 ஆம் ஆண்டில் உலகறியச் செய்தனர். நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேறே அதன் பிறப்பிடம். டீஹலோகொக்கோயிடெஸ் மக்கார்ட்டியை என்னும் இன்றைய பெயர் 2013 ஆம் ஆண்டில் முறைப்படி வழங்கப்பட்டது. முன்னர் நாம் கண்ட பெரி மக்கார்ட்டியைப் பெருமைப்படுத்தும் பெயர் அது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இத்தாக்காவிற் கிடைத்த வகை, முதல் மூன்று படிகளிலும் தன் வாழ்வுக்கு வேண்டிய சக்தியைப் பெற்றது. நான்காம் படியை மட்டும் பயனின்றி, மெதுவாகச் செய்தது. கூலி கிடைக்காத வேலை எவ்வாறு நடக்குமோ அவ்வாறே அதுவும் நடந்தது. வைனைல் குளோரைட்டையே சுவாசித்து, அதனாற் பெருகி வளரும் உறவினம் ஒன்றை பிராங் லொவ்லரின் குழுவினர் 2003 ஆம் ஆண்டில் அறிவித்தனர். மிச்சிகன் மாநிலத்தில் மாசுபட்ட ஓரிடத்திலிருந்து அது பெறப்பட்டது. ஏணியின் கடைசிப் படியில் நின்று, அங்கேயே தன் வாழ்வைத் தேடிக்கொண்ட உயிர் அது. நான்கு படிகளும் தடையின்றி முடிவதற்கு வழி அப்பொழுதுதான் தெளிவாயிற்று.

சுற்றத்தாற் வாழும் சிற்றுயிர்

இந்த உயிரின் உருவம் வட்டத் தட்டுப் போன்றது. அகலம் ஏறக்குறைய மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதன் பரம்பரைத் தகவல் முழுவதும் 15 இலட்சத்துக்கும் குறைந்த எழுத்துகளில் அடங்கிவிடுகிறது. எமது குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியாவுக்கு இருப்பதில் அது மூன்றிலொரு பங்கு மட்டுமே. ஆயினும், அச்சிறிய ஏட்டில் குளோரீனைக் கழற்றும் நொதியங்களுக்கான குறிப்புகள் நிறைந்திருக்கின்றன. இத்தாக்கா வகையில் ஏறக்குறைய 17. வேறொரு வகையில் 32.

ஒரே தொழிலிற் கைதேர்ந்த இந்த உயிர், மற்றெல்லாவற்றுக்கும் பிறரை நம்பியிருக்கிறது. இலத்திரன்களைத் தரும் ஐதரசனையும், உடலைக் கட்டும் காபனைத் தரும் அசற்றேற்றையும் அயலிலுள்ள பிற பற்றீரியாக்களே வழங்க வேண்டும். குளோரீனைக் கழற்றும் நொதியத்தின் நடுவே இருப்பது பீ 12 விற்றமின். எமது இரத்தம் ஊறுவதற்கு இன்றியமையாத அதே விற்றமின் தான். அதனையும் இவ்வுயிர் தானே ஆக்க மாட்டாது; அயலவரிடமிருந்தே பெறுகிறது. தனித்து வளர்க்க முயன்றபோது அது ஏன் பல்லாண்டுகள் ஆய்வாளருக்கு அகப்படவில்லை என்பது இப்பொழுது விளங்கும். அயல் வாழ்ந்தால் அதுவும் வாழும். அயல் அழிந்தால் அதுவும் அழியும்.

கிணற்றடியில் நடந்த சோதனை

ஆய்வுகூடத்துப் போத்தலில் நடப்பது நிலத்தடியிலும் நடக்குமா? ரெக்சாஸ் மாநிலத்தின் சன் அன்ரோனியோ நகரத்தருகே இருந்த கெலி விமானப்படைத் தளத்தில் நடத்தப்பட்ட சோதனையின் முடிவுகள் 2002 ஆம் ஆண்டில் வெளியாயின. அந்நிலத்தடி நீரில் நாற்குளோரோ எதிலீன் கலந்திருந்தது. முதலில், அங்கு ஏற்கெனவே வாழ்ந்த நுண்ணுயிர்களுக்கு உணவு மட்டும் ஊட்டப்பட்டது. அவை இருகுளோரோ எதிலீன் வரை இறங்கி நின்றுவிட்டன. பின்னர், கனடாவின் ரொரன்ரோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியை எலிசபெத் எட்வர்ட்சின் ஆய்வுகளோடு தொடர்புடைய நுண்ணுயிர் வளர்ப்பு ஒன்று நிலத்துள் செலுத்தப்பட்டது. ஒன்ராறியோ மாகாணத்து மண்ணிலிருந்து பெறப்பட்ட அக்கூட்டத்தில் டீஹலோகொக்கோயிடெசும் இருந்தது. ஏறக்குறைய 200 நாட்களுக்குள் அந்தச் சிறு பரப்பிலிருந்த நச்சுச் சேர்வைகள் குடிநீர் எல்லைக்குக் கீழே இறங்கின. அவற்றுக்கு ஈடாக எதிலீன் தோன்றிற்று. உணவு மட்டும் பெற்ற அயற்பரப்பில் வேலை நடுவழியிலேயே நின்றது.

இன்று இம்முறை பல நாடுகளிற் கையாளப்படுகிறது. மரக்கறி எண்ணெய், இலற்றேற்று, கரும்புப் பாகு முதலியவற்றை நிலத்துள் செலுத்துவர். அவை நொதிக்கும்போது ஐதரசன் பிறக்கும், ஒட்சிசன் தீர்ந்துபோகும். வேண்டுமாயின் நுண்ணுயிர் வளர்ப்பையும் சேர்ப்பர். மண்ணை அகழ்ந்து அகற்றுவதையும், நீரைப் பல்லாண்டுகள் இறைத்துச் சுத்திகரிப்பதையும்விடச் செலவு குறைவாதலால் பல இடங்களில் இதனை நாடுகின்றனர். ஆயினும் எதிலீன் தோன்றுகிறதா, வைனைல் குளோரைட்டுத் தேங்குகிறதா என்று இடைவிடாது நீரைச் சோதித்தல் இன்றியமையாதது.

எல்லையும் உண்டு

இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுதல் தவறு. நீரில் ஒட்சிசன் மிகுந்தாலும், புளிப்புத் தன்மை மிகுந்தாலும் இவ்வுயிர் செயலிழந்துவிடும். குளோரீன் சேர்வைகள் எல்லாம் ஒரே இயல்பினவும் அல்ல. மின்மாற்றிகளிற் பயன்பட்ட பல்குளோரோ இருபீனைல் என்னும் சேர்வைகள் 209 வகைப்படும். நியூ யோர்க் மாநிலத்து ஹட்சன் ஆற்றில் 1947 ஆம் ஆண்டு முதல் 1977 ஆம் ஆண்டு வரை மின்சாதனத் தொழிற்சாலைகள் இரண்டிலிருந்து அவை கலந்தன. ஆற்றடிச் சேற்றில் பற்றீரியாக்கள் அவற்றின் குளோரீனைக் கழற்றிக்கொண்டிருப்பது 1980 களிற் கண்டறியப்பட்டது. ஆனால் அவை சில குளோரீன்களைக் கழற்றின, சிலவற்றை விட்டுவிட்டன. சேர்வையின் அடிப்படை வளையம் அப்படியே எஞ்சிற்று. ஈற்றில், 2009 ஆம் ஆண்டு முதல் 2015 ஆம் ஆண்டு வரை இயந்திரங்களைக் கொண்டு ஆற்றடிச் சேற்றை அள்ளியே அகற்ற நேர்ந்தது. பற்றீரியா இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று மனிதன் கைகட்டி நிற்க இயலாது.

எங்கே கற்றது?

மனிதன் இத்திரவங்களைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்குள் ஒரு பற்றீரியா இவ்வித்தையைக் கற்றது எவ்வாறு என்று மாணவர் வினவுவதுண்டு. விடை கடலிலும் காட்டு மண்ணிலும் இருக்கிறது. கடற்பாசிகள், கடற்பஞ்சுகள், பங்கசுக்கள் முதலியன தம்மைக் காத்துக்கொள்ளவும் பிற தேவைகளுக்காகவும் அலசன் சேர்வைகளை இயற்கையாகவே ஆக்குகின்றன. இதுவரை 5,000 க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. மத்தியதரைக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து, புரோமீன் சேர்வைகளைச் சுவாசிக்கும் பற்றீரியாவும் பிரித்தெடுக்கப்பட்டுள்ளது. தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அலசன் சேர்வைகள் இவ்வுயிர்களுக்கு அறிமுகமாகிவிட்டன. மனிதனின் நஞ்சு வந்து சேர்ந்தபோது பழைய கருவி புதிய வேலைக்கு உதவிற்று.

உதவிற்று என்பதனால் கடன் தீர்ந்துவிடவில்லை. ஒரு பீப்பாயைக் கவிழ்க்கச் சில நிமிடம் போதும். நிலத்துக்குள் இறங்கிய நஞ்சை ஏணிப்படி நான்கும் இறக்கிவைக்க ஆண்டுகள் வேண்டும். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் முக்குளோரோ எதிலீனை முற்றாகத் தடைசெய்யும் விதியை 2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே அறிவித்தது. லெஜூன் முகாமின் குழந்தைகள் அந்த நீரைக் குடித்த காலத்துக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்துவிட்டது.

நஞ்சைத் தொடாமல் விடுவதைவிட அரைகுறையாகச் சிதைப்பது கொடிதாகலாம் என்பதே இவ்வரலாறு எமக்குத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், சுற்றத்தின் துணையோடு, எடுத்த கருமத்தைக் கடைசிப் படிவரை கொண்டுசெல்கிறது. கழிவை மண்ணில் ஊற்றாதிருத்தல் எமது கடமை. ஊற்றியாயிற்றெனின், நீரில் எஞ்சிய கடைசிக் குளோரீனும் நீங்கும்வரை சோதித்துக் காத்திருத்தலும் எமது கடமையே.